கடைசிச் சிவப்பு வரிசை

இந்த மாதத்தோடு நான் நம் வார்ப்பாலையின் டைம் ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன். ஓய்வு பெறும் வயதில்லை எனக்கு. ஒன்பது வருடம் ஆயிற்று, அவ்வளவுதான். புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும், "போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றீர்கள். பி.எஃப். தளத்தில் எங்கே போய் எதை அழுத்துவது என்பதை எழுதப்போவதில்லை. அதை அடிக்கடி மாற்றுகிறார்கள், நீங்களே பழகிக்கொள்வீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று ஆட்கள் கேட்கும் கேள்விகளை மட்டும் தாளில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து நான்கு:

ஒன்று. நிரந்தர ஆள், நாலரை வருடத்தில் வேலையை விட்டால் கிராஜுவிட்டி வருமா? ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இரண்டு. பென்ஷனுக்கு எத்தனை வருட சர்வீஸ் வேண்டும்? பத்து. அதற்குக் குறைந்தால் கட்டிய தொகைக்கு ஏற்பக் கொஞ்சம் பணம் கையில் கிடைக்கும், மாதாமாதம் வராது.

மூன்று. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவை நாமினியாகப் போட்டேன், அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. கல்யாணம் ஆனதும் அது செல்லாது. புதிதாகப் போட வேண்டும்.

நான்கு. அண்ணன் தம்பியை நாமினியாகப் போடலாமா? மனைவி, பிள்ளை இருப்பவர் போட முடியாது. பி.எஃப். விதியில் குடும்பம் என்பதற்குள் அண்ணன் தம்பி வருவதில்லை.

நான்கும் சரியான விடைகள். நான்காவதை ஒருவரிடம் சரியாகச் சொல்லித்தான் தப்புச் செய்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து முதலில் தரப் பரிசோதனையில் சேர்ந்தேன். அங்கே வார்த்து வந்த இரும்பு உறுப்பின் துளையில் அளவுக் கம்பியை நுழைப்போம். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் தள்ளு. இரண்டே பெட்டிகள். எக்செல் நன்றாகத் தெரிகிறது என்று ஒரே வருடத்தில் என்னை இங்கே மாற்றினார்கள். அளவுக் கம்பியை அங்கேயே வைத்துவிட்டு வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

இந்த நாற்காலியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரின் மனைவி பெயர் உங்களுக்குத் தெரியும். யாருடைய பிள்ளை எப்போது பிறந்தது, யாருடைய அப்பா எப்போது இறந்தார் என்பது தெரியும். ஆனால் கேன்டீனில் நீங்கள் தட்டோடு போய் உட்கார்ந்ததும் அந்த மேசையில் பேச்சு நின்றுவிடும். சம்பளப் பிடித்தமும் மெமோவும் இங்கிருந்துதானே போகின்றன. சாம்பாரில் உப்பு குறைவு என்று யாராவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். திருநின்றவூரிலிருந்து இரண்டு ரயில் மாறிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, மறுபடி இரண்டு ரயில் மாறிப் போய்ச் சேரும்வரை, வேலையைத் தவிர ஒரு சொல்லும் பேசாத நாட்கள் எனக்கு நிறைய உண்டு. நாளாவட்டத்தில் ஆட்களைவிடப் பட்டியல் எனக்குத் துணையாகிவிட்டது. அது எழுந்து போகாது.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லோருடைய நாமினி விவரமும் ஆன்லைனில் ஏறியிருக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் நூற்றுக்கு நூறு. நான் முன்னூற்றுப் பன்னிரண்டு வரிசையில் ஒரு பட்டியல் போட்டேன். முடிந்தவர் பச்சை, முடியாதவர் சிவப்பு. தினமும் காலையில் அச்சடித்து நேரப்பதிவு எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சிவப்பில் தன் பெயர் இருப்பதைப் பார்த்து ஆட்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தார்கள். வேலை வேகமாக நடந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கிரைண்டிங் பிரிவில் கஜேந்திரன் என்று ஒருவர். வார்ப்புகளின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் வேலை. பதினோரு வருட சர்வீஸ். கோப்பில் வயது நாற்பத்து நான்கு. நேரில் பார்த்தால் எட்டு, பத்து வயது கூடுதலாகத் தெரியும். அந்தத் தூசியில் நிற்பவர்கள் எல்லோருமே அப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் ஷிப்டு விட்டதும் ஜன்னலில் வந்து நின்றார்.

"மேடம், நாமினிக்கு அண்ணனைப் போட்டுக்கலாமா?"

"அண்ணனையா? உங்களுக்குத்தான் சம்சாரம், ரெண்டு பசங்க இருக்காங்களேண்ணே. அவங்களைத்தான் போடணும்."

"அது கரீட்டுதான். அண்ணன் ஒருத்தர் கீறாரு. ஏழுமலைன்னு. அவரு பேரு எங்கனா ஒரு எடத்துல வர்ற மாரி..."

"வராதுண்ணே. ரூல் அப்படி."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் ஒருவர் குரல் கொடுத்தார். "யோவ் கஜா, ஊட்டுக்காரிகிட்ட இன்னா பேஜாரு உனுக்கு? அண்ணன் பேர எழ்தினு போய்ப் பாரு. ராத்திரி சோறு கெடைக்காது."

வரிசை முழுக்கச் சிரித்தது. கஜேந்திரனும் சிரித்தார். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அதன் பிறகு மனைவியின் படம் கொண்டுவாருங்கள் என்று கேட்டபோதெல்லாம் "நாளைக்கு மேடம்" என்றார். இரண்டு வாரம் நாளைக்கு, நாளைக்கு. கடைசியில் பட்டியலில் முன்னூற்றுப் பதினோரு பச்சை, ஒரே ஒரு சிவப்பு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. எனக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவர் கோப்பை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது இ.எஸ்.ஐ. அட்டைக்காகக் கொடுத்த குடும்பத்தாரின் தனித்தனிப் படங்களும் பிறகு வாங்கிய அவர்களின் ஆதார் நகல்களும் இருந்தன. மனைவி, இரண்டு பிள்ளைகள். எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். கடைசியில் ஓடிபி வேண்டும். கோப்பிலிருந்த எண்ணை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் பேருந்து ஹாரன்.

"ஆலையிலேர்ந்து பேசறேன். பி.எஃப். விஷயமா ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க."

"ஆங், வந்துச்சு மேடம். எழ்திக்க." ஆறு எண்களைச் சொன்னார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

முன்னூற்றுப் பன்னிரண்டும் பச்சை. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டி ஒரு வரி வந்தது. அதை யாரிடமாவது காட்டலாம் என்று கேன்டீனுக்குப் போனேன். காட்டும்படி யாரும் இல்லை. காபி குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது இதைப் படிக்கும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். அப்போது பகல் பதினோரு மணி. கஜேந்திரன் முதல் ஷிப்டில் இருந்தார். கிரைண்டிங்கில் கைபேசி கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான். அப்படியிருக்க, போனை எடுத்தது யார்? எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. வரிசை பச்சையாகிவிட்டதே.

மூன்று மாதம் கழித்து, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான், காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்.

"மேடம், உங்க கம்பெனில கஜேந்திரன்னு ஒருத்தர் வேலையை விட்டுட்டாரு. நீங்க இன்னும் எக்ஸிட் தேதி போடல. ரெண்டு எடத்துல வேலை செய்யற மாதிரி காட்டுது. திங்கக்கிழமைக்குள்ள போட்டீங்கன்னாதான் அவருக்கு கேட் பாஸ் குடுப்பேன்றாரு எங்க சாரு."

"அவர் வேலையை விடலையே. இங்கதான் இருக்காரு."

"இங்க என் எதிர்ல உக்காந்துனு கீறாரு மேடம். பேசறீங்களா?"

அவள் சொன்ன பி.எஃப். எண்ணைச் சரிபார்த்தேன். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், எல்லாம் ஒத்துப்போயின. திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். என் ஜன்னலிலிருந்து கிரைண்டிங் கொட்டகை தெரியும். இரண்டாவது எந்திரத்தில் முகமூடி போட்டுக்கொண்டு கஜேந்திரன் குனிந்து நின்றிருந்தார். தீப்பொறி பறந்துகொண்டிருந்தது.

வழக்கம்போல ஒரு தாளை எடுத்து வழிகளை எழுதினேன். எக்ஸிட் தேதியைப் போட்டுவிடலாம். ஒரு நிமிட வேலை. காட்டுப்பள்ளியில் இருப்பவருக்கு வேலை கிடைக்கும், இங்கே நிற்பவர் கணக்கில் இல்லாத ஆள் ஆகிவிடுவார். போடாமல் விடலாம், அங்கே இருப்பவர் திங்கட்கிழமை வீட்டுக்குப் போவார். ஆள்மாறாட்டம் என்று மேலே எழுதி அனுப்பலாம். நான் மட்டும் பத்திரமாக இருப்பேன். மூன்று வழிகளையும் இருந்த இடத்திலிருந்தே செய்துவிடலாம் என்பது எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது. தாளை மடித்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். டைம் ஆபீசில் இருந்த அத்தனை வருடத்தில் ஒருவரைத் தேடிக்கொண்டு நான் எந்திரம்வரை போனது அதுதான் முதல் தடவை.

குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவரைக் கூட்டிப்போனேன்.

"அண்ணே, காட்டுப்பள்ளியிலேர்ந்து போன் வந்துச்சு. கஜேந்திரன் அங்க வேலைக்குச் சேர்ந்துட்டாராம்."

முகமூடியைக் கழற்றினார். மூக்குக்கு மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"சேந்துட்டானா? கெடைக்காதுன்னு நெனச்சிக்கினு இர்ந்தேன். வண்டிய வித்துட்டு ஆறு மாசமா சும்மா கெடந்தான் மேடம்." குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். கழுவி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. "நான் ஏழுமலை."

நின்றபடியே சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் நம் ஆலைக்கு நிரந்தர ஆள் எடுத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஏழுமலைக்கு நாற்பத்தொன்று, படிப்பு ஐந்தாவது. தம்பி கஜேந்திரனுக்கு முப்பத்து மூன்று, பத்தாவது. தம்பி அப்போது மணவாள நகரில் சொந்தமாக லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஆலை வேலை வேண்டாம் என்றான். சான்றிதழ் சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கோ அண்ணே என்று கொடுத்தான். நுழைவு அட்டையில் ஒட்டியது அண்ணன் படம், எழுதியது தம்பி பெயர். அண்ணன் கொடுத்த குடும்ப விவரம் தம்பி குடும்பம். வங்கிக் கணக்கு தம்பி பெயரில். ஏடிஎம் அட்டை அண்ணன் பையில், குறுஞ்செய்தி தம்பி கைபேசியில். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் அவரோடு அப்படிச் சேர்ந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்ததாகச் சொன்னார். இருவரும் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர் மட்டும் போகவில்லை.

"மொதல்ல கஜான்னு கூப்ட்டா திரும்ப மாட்டேன். அப்பால பழகிடுச்சி. இப்ப ஏழுமலைன்னு கூப்புட ஆளே இல்ல. அம்மா இர்ந்த வரிக்கும் கூப்ட்டாங்க. கும்மிடிப்பூண்டியில நான் வாடகைக்கு கீற ரூம்ல கூட கஜாதான். தம்பி அண்ணேன்னு கூப்புடுவான், அது பேரு இல்லியே."

"நீங்க என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே."

"கேட்டனே மேடம். அண்ணனைப் போட்டுக்கலாமான்னு."

கொட்டகைக்குள் எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

பதினோரு வருட உழைப்பில் தன் பெயர் ஓர் இடத்திலாவது வர வேண்டும் என்று அந்த மனிதர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். தன் கணக்குக்குத் தன்னையே நாமினியாகப் போட்டுக்கொள்ள வந்திருக்கிறார். நான் விதியைச் சொல்லி அனுப்பினேன். அது போதாதென்று, தம்பி மனைவியின் பெயரை நானே ஏற்றி, தம்பியிடமே ஓடிபி வாங்கி, பச்சை வண்ணம் அடித்தேன்.

என் முன்னால் இருந்த வழிகளைச் சொன்னேன். எக்ஸிட் போட்டால் தம்பிக்கு வேலை, உங்களுக்கு இல்லை. போடாவிட்டால் உங்களுக்கு வேலை, தம்பிக்கு இல்லை.

"நீ இன்னா போடுவ?" என்றார். 'மேடம்' என்ற சொல் போய்விட்டிருந்தது.

"தெரியலண்ணே."

"உனக்கு நாமினி யாரும்மா?" என்று கேட்டார்.

"அம்மா."

"நல்லா கீறாங்களா?"

"இல்ல. இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னூற்றுப் பன்னிரண்டில் என் வரிசையும் ஒன்று. முதல் நாளே அதைப் பச்சையாக்கிவிட்டுத்தான் மற்றவர்களை விரட்டத் தொடங்கினேன். அப்போதே அம்மா இல்லை.

"தம்பிக்கு எழ்திக் குட்த்துடும்மா" என்றார் ஏழுமலை. "அவனுக்குப் புள்ளைங்க கீது. அவன் பேரு அவனுக்குப் போவட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு. வெளிய அனுப்பறதா இர்ந்தா ஏழுமலைன்னு எழ்தி அனுப்பு. கஜான்னு அனுப்பாத."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு முடிவு உங்கள் கையை மீறியது என்று தெரிந்தால், சம்பந்தப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். கோப்புக்குச் சரி, தள்ளு என்று எழுதுவது எளிது. முகமூடித் தடம் தெரிய ஒரு மனிதர் எதிரில் நின்றால் அவ்வளவு எளிதில்லை.

ஆலை மேலாளர் கேட்டு முடித்ததும் எழுந்துவிட்டார். "இது மோசடி. தெரியுதா உனக்கு? போலீசுக்குப் போனா என்ன ஆகும்?"

"தெரியும் சார். அதுல என் கையும் இருக்கு." நாமினி ஏற்றியதையும் ஓடிபி வாங்கியதையும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார், ஏழுமலையைப் பார்த்தார். "ஏன்யா, பதினோரு வருஷத்துல கைய காலை வெட்டிக்கிட்டிருந்தா என்ன பண்ணியிருப்ப? ஆஸ்பத்திரியில யார்னு சொல்லியிருப்ப?"

"அதான் சார் வெட்டிக்கல" என்றார் ஏழுமலை.

மேலாளர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். அந்தப் பதில் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. பிறகு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் கஜேந்திரன் பெயரில் ஒரு காயமோ ஒரு மருத்துவ விடுப்போ கிடையாது. காய்ச்சலோடும் வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் கேட்பார்களே.

ஒரு மணி நேரம் பேசி முடிவானது இது. கஜேந்திரன் என்பவர் அன்றோடு விலகியதாகப் போடுவது, ஏழுமலை என்பவரை, வயது வரம்பையும் படிப்புத் தகுதியையும் தளர்த்தி, திங்கட்கிழமை முதல் புது ஆளாக எடுப்பது, அடிப்படைச் சம்பளத்திலிருந்து. அண்ணன் தம்பி இருவரும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அது என் கோப்பில் இருக்கிறது. வேண்டுமானால் எடுத்துப் படியுங்கள். நியாயமான கடிதம்தான்.

வெளியே வந்ததும் ஏழுமலை என் இழுப்பறைத் தாளின் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"எனக்கு அம்பத்திரண்டு. அம்பத்தெட்டுக்கு ஆறு வர்சம் கீது. பென்சன் வருமாம்மா?"

"வராதுண்ணே. பத்து வருஷம் வேணும்."

"அப்ப செஞ்ச பதினொண்ணு?"

"அது கஜேந்திரன் சர்வீஸ். அவரோட காட்டுப்பள்ளிக்குப் போயிடும்."

இந்த விடையை நான் பலமுறை பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் சொல்லிவிட்டு உடனே நாற்காலிக்குத் திரும்பவில்லை. அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போகும்வரை நின்றிருந்தேன். ஷிப்டு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கஜேந்திரனாக அவருடைய கடைசி ஒரு மணி நேரம்.

சனிக்கிழமை தம்பி வந்தார். அண்ணனைவிட உயரம், பெரிய குரல். காவலர் பதிவேட்டில் பெயரை எழுதச் சொன்னார். கஜேந்திரன் என்று எழுதினார். காவலர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்தப் பேருல எங்களாண்ட ஒருத்தர் கீறாருபா" என்றார்.

"நேத்தி வரிக்கும் இர்ந்தாரு" என்றார் தம்பி.

என் ஜன்னலுக்கு முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எழுதிக் கொடுத்தார்கள். தம்பி வாய் ஓயவில்லை. "மேடம், பதினோரு வர்சத்துல எம்பேர்ல ஒரு மெமோ கூட இல்லியாமே. எங்க ஊட்ல சொன்னா நம்ப மாட்டாளே." பிறகு அண்ணன் பக்கம் திரும்பாமலே, "உன் வேலைக்கு எனக்கு பென்சன் வர்மாண்ணே. இன்னாண்ணே நாயம் இது? மாசாமாசம் நான் வந்து குட்க்கறேன்."

"அதுக்கு இன்னும் பதினாலு வர்சம் கீது. அப்ப நான் இருக்கணும்ல."

"இருப்ப, இருப்ப. எம்பேர்ல இர்ந்த வரிக்கும் உனக்கு ஜுரம் கூட வர்ல. இனிமேதான் பயமா கீது."

ஏழுமலை தலையைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தார். தம்பி சிரித்துக்கொண்டே கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தார். இருவரும் கேட்டுக்கு வெளியே போய்ப் பேருந்துக்காக நின்றார்கள். ஒருவர் மணவாள நகருக்குப் போக வேண்டும். இன்னொருவர் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அறைக்கு. ஆனாலும் அண்ணன் பேருந்து வரும்வரை நின்றார். அது போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஏழுமலை புது ஆளாக என் ஜன்னலுக்கு வந்தார். முடி வெட்டியிருந்தார். என் வழக்கப்படி முதலில் காகிதப் படிவம், பிறகுதான் கணினி. உட்காரச் சொன்னேன். அந்த ஜன்னலில் யாருக்கும் நாற்காலி கிடையாது. என் நாற்காலியைக் கதவு வழியாக வெளியே தள்ளிவிட்டு, எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"குடும்பம்?"

"யாரும் இல்லம்மா."

குடும்பம் இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். "குடும்பம் இல்லாதவங்க யாரை வேணா நாமினியா போடலாம்ணே. நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா செல்லாது."

"அம்பத்திரண்டுல எவ வருவா? தம்பியப் போடு."

முன்பு அண்ணனைப் போட முடியாது என்று சொன்ன அதே விதி இப்போது தம்பியைப் போட விட்டது. நாமினி பெயர்: கஜேந்திரன். உறவு: தம்பி. படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவர் பேனாவை வாங்கி, யோசிக்காமல், வேகமாக, அழகாகப் போட்டார். போட்டு முடித்த பிறகுதான் இருவரும் பார்த்தோம். கஜேந்திரன் என்று போட்டிருந்தார்.

"ஐயய்யோ. வேற பாரம் குடும்மா."

அடித்தல் இருந்தால் படிவத்தை வாங்கக் கூடாது என்று உங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேறு படிவங்கள் ஒரு கட்டு மேசையில் இருந்தன. நான் எடுக்கவில்லை. "அதை ஒரு கோடு போட்டு அடிங்கண்ணே. கீழ உங்க பேரை எழுதுங்க" என்றேன். அவர் ஒரு கோடு இழுத்தார். பிறகு ஐந்தாம் வகுப்புப் பையன்போல, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஏ. ழு. ம. லை. எழுதி முடிக்கும்வரை வரிசையில் நின்றவர்கள் யாரும் கிண்டல் செய்யவில்லை. அடித்த இடத்தின் பக்கத்தில் நான் என் கையெழுத்தைப் போட்டேன். அந்தப் படிவம் மூன்றாவது அலமாரியில் இருக்கிறது. தணிக்கைக்கு வருகிறவர் கேட்டால், அடித்ததும் எழுதியதும் ஒரே கைதான் என்று சொல்லுங்கள்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு பட்டியலைத் திறந்தேன். என் வரிசையில் அம்மாவின் பெயரை எடுத்தேன். வேறு யாரை எழுதுவது என்று யோசித்தேன். அப்பா என் பள்ளி நாட்களிலேயே போய்விட்டார். கல்யாணம் ஆகவில்லை, உடன் பிறந்தவர்களும் கிடையாது. வரிசையைச் சிவப்பாக்கி, அப்படியே சேமித்தேன். ஒரு வருடமாக அது அப்படித்தான் இருக்கிறது. மாதா மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பாக்கி என்று அஞ்சல் வருகிறது. நடவடிக்கையில் இருக்கிறது என்று பதில் போடுகிறேன்.

நாளை மறுநாள் பொறுப்பை வாங்கிக்கொள்ளும்போது நீங்கள் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். பச்சையாக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும், எனக்குத் தெரியும். அதை விட்டுவிடுங்கள். எனக்கு எக்ஸிட் தேதி போட்டதும் அந்த வரிசை தானாகப் போய்விடும். ஆனால் அடுத்த மாதம் புது ஆட்கள் வருவார்கள். யாராவது ஒருவருடைய வரிசை சிவப்பாகவே நிற்கும். வெளியே தள்ளிய நாற்காலியை நான் மறுபடி உள்ளே இழுக்கவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.